வருடா வருடம் மெருகேறும் இரண்டு இருக்கை ரோட்ஸ்டர்

கேள்வி சுருக்கமாக இது: "கூரை திறக்கும், இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க நினைக்கிறேன். ஒவ்வொரு வருடமும் புது மாடல் என்கிறார்கள். நிறத்தையும் சக்கரத்தையும் மாற்றிவிட்டு விலையை ஏற்றுகிறார்களா, இல்லை கார் உண்மையிலேயே மேம்படுகிறதா? நாலைந்து வருடம் பழைய கார் போதுமா?"

கார் மேம்படத்தான் செய்கிறது. ஆனால் எல்லா வருடமும் ஒரே அளவில் மேம்படுவதில்லை. ஒரு தலைமுறை கார் எட்டுப் பத்து வருடம் விற்பனையில் இருந்தால், அதில் இரண்டோ மூன்றோ வருடங்கள்தான் காரின் குணத்தையே மாற்றியவை. மற்ற வருடங்களில் புது நிறம், புது இருக்கைத் துணி, அவ்வளவுதான். அந்த முக்கியமான வருடங்கள் எவை என்று தேடிப் பிடிப்பதுதான் வாங்குபவரின் வேலை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது பெரும்பாலும் அந்த மாற்றமாக இருக்காது. காருக்கு அடியிலும் எஞ்சினுக்கு உள்ளேயும் நடந்ததைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரி வந்தாலே பெரிது.

ரோட்ஸ்டர் எனப்படும் இந்த வகைக் காரில் மட்டும் சின்ன மாற்றம் ஏன் இவ்வளவு தெரிகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செருப்பு வாங்கும் அட்டைப்பெட்டியை மூடியோடு பிடித்து முறுக்கிப் பாருங்கள், சுலபத்தில் வளையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், ஒரு மூலை மேலே போகும், இன்னொரு மூலை கீழே போகும். கூரையில்லாத கார் அந்த மூடியில்லாத பெட்டி. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் காரின் உடலே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். முன் கண்ணாடிச் சட்டமும் டாஷ்போர்டும் நடுங்கும், உள்ளே இருக்கும் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கித் தெரியும். சஸ்பென்ஷன் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கை உடலே வளைந்து செய்துவிடுகிறது, அதனால் ஸ்டீயரிங்கில் தெளிவு போய்விடுகிறது. சரியான இடத்தில் ஒரே ஒரு குறுக்குக் கம்பி சேர்த்தால் கார் வேறு காராகிவிடும்.

அடுத்தது எடை. 2000 கிலோ எடையுள்ள குடும்ப வண்டியில் 10 கிலோ கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. 1000 கிலோ ரோட்ஸ்டரில் அதே 10 கிலோ முழுசாக ஒரு சதவீதம். அது காரின் எந்த மூலையில் கூடியது, எவ்வளவு உயரத்தில் கூடியது என்பதுகூட வளைவில் உணரும்படி இருக்கும். இடம் என்பதும் அப்படித்தான். உட்காருவதற்கு இரண்டே இடம், இரண்டும் குறுகலானவை. ஸ்டீயரிங் 3 சென்டிமீட்டர் உங்கள் பக்கம் வந்தால், இதுவரை உட்கார முடியாத ஒருவர் உட்கார்ந்து ஓட்ட முடிகிறது.

வருடாந்திர மாற்றம் ஒரு காரைக் காப்பாற்றிய கதை வேண்டுமென்றால் செவர்லே கார்வெட்டிலிருந்து தொடங்க வேண்டும். 1953-இல் அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரில் கையால் செய்த முதல் 300 கார்களும் வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் எஞ்சின் 150 குதிரைத்திறன் தரும் ஆறு சிலிண்டர், கியர்பாக்ஸ் இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது, உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கிடையாது. மழை வந்தால் நிறுத்தி, தனியாக வைத்திருக்கும் தடுப்புகளை எடுத்து மாட்ட வேண்டும். 1954-இல் 3640 கார்கள் செய்தார்கள், அவற்றில் பல விற்காமல் தேங்கின. 1955-இல் ஃபோர்டு தண்டர்பேர்டு வந்தது. ஏற்றி இறக்கும் கண்ணாடியோடு, சொகுசாக வந்த அந்தக் கார் முதல் வருடத்திலேயே 16,000-க்கு மேல் விற்றது.

அந்த 1955-இல்தான் கார்வெட்டுக்கு 195 குதிரைத்திறன் வி8 எஞ்சின் கிடைத்தது. இவ்வளவு பெரிய மாற்றத்துக்குப் பிறகும் அந்த வருடம் செய்யப்பட்ட கார்வெட் வெறும் 700. பழைய கார்கள் தேங்கிக் கிடந்ததும் அதற்கு ஒரு காரணம்தான். 1956-இல் கதவுக் கண்ணாடி, வெளிக் கைப்பிடி, மூன்று கியர் மேனுவல் எல்லாம் வழக்கமாகவே வந்தன. எண்ணிக்கை 3467 ஆனது. 1957-இல் எஞ்சின் பெரிதாகி, எரிபொருள் இன்ஜெக்‌ஷன் பொருத்தியதில் 283 குதிரைத்திறன் வரை கிடைத்தது, வருடத்தின் நடுவில் நான்கு கியர் மேனுவலும் சேர்ந்தது. எண்ணிக்கை 6339. சோரா ஆர்கஸ்-டன்டோவ் என்ற பொறியாளர் இந்தக் காரை விடாமல் பிடித்துக்கொண்டு, சஸ்பென்ஷனையும் எஞ்சினையும் வருடா வருடம் கை வைத்துக்கொண்டே இருந்தார். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வர 1965 ஆனது. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது கதவுக் கண்ணாடிதான். வேகம் பேர் வாங்கித் தரும். ஆனால் மழையில் நனையாமல் ஓட்ட முடிந்தால்தான் ஒருவர் அந்தக் காரைத் தினமும் வெளியே எடுப்பார்.

சரி, இப்போது மாஸ்டா எம்எக்ஸ்-5-க்கு வருவோம். வருட மாற்றங்களைப் படிக்க இதைவிட நல்ல கார் இல்லை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, நான்கு தலைமுறையாக ஒரே கொள்கையோடு நிற்கிறது: எஞ்சின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில், இரண்டு இருக்கை, எடை குறைவு. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. குதிரையும் வீரனும் ஒன்றாவது என்ற பொருளில் ஜப்பானியர்கள் 'ஜின்பா இத்தாய்' என்று சொல்வதுதான் இந்தக் காரின் தாரக மந்திரம். கொள்கை மாறாததால், எந்த வருடம் எதைத் தொட்டார்கள், அதனால் என்ன ஆனது என்று தெளிவாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

முதல் தலைமுறையை என்.ஏ. என்பார்கள். 1.6 லிட்டர் எஞ்சின், அமெரிக்கக் கணக்கில் 116 குதிரைத்திறன். இதில் வந்த முதல் முக்கியமான மாற்றத்தை யாரும் விளம்பரம் செய்யவில்லை. ஆரம்பகால எஞ்சின்களில் கிராங்க்ஷாஃப்டின், அதாவது எஞ்சினின் சுழலும் முதன்மைத் தண்டின், முன்முனை சிறியது, அதைப் பிடிக்கும் போல்ட்டும் சிறியது. பெல்ட் மாற்றும்போது அந்தப் போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டால், புல்லி மெல்ல ஆடத் தொடங்கி, அதைத் தண்டோடு பிடித்து வைக்கும் சாவிக்காடியைத் தின்றுவிடும். அப்புறம் கிராங்க்கே போச்சு. 1991-இல் அந்த முனையையும் போல்ட்டையும் பெரிதாக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார். பழைய காரைத் தேடுகிறவர்கள் இன்றைக்கும் புல்லியை உற்றுப் பார்ப்பது இதற்காகத்தான்.

1994 மாடலில் வந்தது பெரிய மாற்றம். 1.8 லிட்டர், 128 குதிரைத்திறன். 12 குதிரைத்திறன் கூடிவிட்டது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். உண்மையில் அந்தக் கூடுதல் திறனில் பெரும்பகுதி, கூடிப்போன எடையைச் சுமக்கவே சரியாகிவிட்டது. பயணிக்கும் சேர்த்து ஏர்பேக், கதவுக்குள் இரும்புக் கம்பி, காருக்கு அடியில் வலுவூட்டும் குறுக்குச் சட்டங்கள், இருக்கைகளுக்குப் பின்னால் சீட் பெல்ட் கோபுரங்கள் இரண்டையும் இணைக்கும் ஒரு கம்பி என்று எல்லாம் சேர்ந்தன. முன் பிரேக் தட்டு 20 மில்லிமீட்டர் பெரிதானது. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வலுவானதாக மாறியது, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் எல்எஸ்டியில், பிசுபிசுப்புத் திரவத்தை நம்பிய பழைய வகை போய், முழுக்க கியர்களால் வேலை செய்யும் டார்சன் வந்தது. என்னைக் கேட்டால் 1994 காரின் மதிப்பு எஞ்சினில் இல்லை. அந்தக் குறுக்குக் கம்பியிலும் டார்சனிலும் பிரேக்கிலும்தான் இருக்கிறது. வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னால் உடலையும் பிரேக்கையும் சரிசெய்வது ஒழுங்கான பொறியாளர்களின் வரிசை. அந்த வரிசையில் வரும் மாற்றப் பட்டியல் என்றால் எனக்கு அந்த வருடத்துக் கார் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

1998-இல் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை என்.பி.யில் எல்லோரும் கவனித்தது, எழுந்து நிற்கும் முகப்பு விளக்கு போய்விட்டதை. அழகு குறைந்துவிட்டது என்று இன்றைக்கும் வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கொண்டாடுவது பின்ஜன்னலை.

முதல் தலைமுறையின் பின்ஜன்னல் வளையும் பிளாஸ்டிக். கூரையை இறக்கும் முன் அதைச் சுற்றியுள்ள ஜிப்பைத் திறந்து, ஜன்னலைப் பின்தட்டில் படுக்கவைத்து, அதற்குப் பிறகுதான் கூரையை மடிக்க வேண்டும். ஜிப்பைத் திறக்காமல் அப்படியே மடித்தால் பிளாஸ்டிக்கில் கோடு விழும். கோடு விழுந்த இடம் சில வருடத்தில் வெளுத்து, அப்புறம் விரிசலாகும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும்போது மடித்தால் அன்றைக்கே விரிசல்தான். வெயிலோ மெல்ல மெல்ல மஞ்சளாக்கும். பல வருடம் வெயிலில் நின்ற ஒரு காரில் நான் உட்கார்ந்து பின்னால் பார்த்திருக்கிறேன். கெட்டியான தேன் வழியாகப் பார்ப்பது போல இருந்தது. இரவில் பின்னால் வரும் வண்டியின் விளக்கு அந்தக் கீறல்கள் எல்லாவற்றிலும் சிதறி, ஜன்னல் முழுவதும் ஒரே ஒளிப்படலமாகிவிடும். சில உரிமையாளர்கள் கூரையை மடிக்கும்போது கண்டிப்பாக ஒரு மென்துணியை இடையில் வைப்பார்கள். குழந்தைக்குப் போர்த்துவது போல அவ்வளவு கவனம்.

என்.பி.யில் அந்த இடத்தில் உண்மையான கண்ணாடி வந்தது, பனியை நீக்கும் சூடேற்றும் கம்பிகளோடு. ஜிப் கிடையாது. கொக்கி இரண்டையும் விடுவித்துக் கூரையைப் பின்னால் தள்ளினால் முடிந்தது. கூரை திறப்பது ஒரு வேலையாக இருந்தால் நாம் திறக்க மாட்டோம். சிக்னலில் நிற்கும் நேரத்தில் திறக்க முடிந்தால் தினமும் திறப்போம். மற்றக் கார்களும் இதே வழியில்தான் வந்தன. ஹோண்டா எஸ்2000-க்குக் கண்ணாடி ஜன்னல் 2002 மாடலில் வந்தது, போர்ஷே பாக்ஸ்டருக்கு 2002 இலையுதிர்காலத்தில். இந்த மூன்று கார்களில் எதைப் பழையதாக வாங்கினாலும் முதலில் ஜன்னலைப் பாருங்கள்.

2001 மாடலில் என்.பி.க்கு வால்வு திறக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளும் எஞ்சினும், கூடுதல் உடல் வலுவூட்டலும் வந்தன. அமெரிக்காவில் 155 குதிரைத்திறன் என்று அறிவித்தார்கள், உண்மையில் 142-தான். மாஸ்டா அதை ஒப்புக்கொண்டு, விரும்பியவர்களிடமிருந்து காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. வேதனை என்னவென்றால் அந்தக் கார் நல்ல கார். இறுக்கமான உடலோடு வந்த அந்த மாற்றத்தைப் பற்றி யாரும் பேசாமல், எல்லோரும் அந்த ஒரு எண்ணையே பிடித்துக்கொண்டார்கள்.

2005-இல் வந்த மூன்றாம் தலைமுறை என்.சி. கொஞ்சம் பெரிதானது. ஆனால் எடையைப் பிடித்து வைக்க ஒவ்வொரு பாகத்தையும் கிராம் கணக்கில் செதுக்கினார்கள். உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியில் மட்டும் 84 கிராம் குறைத்தார்கள் என்பது இந்தக் காரை விரும்புகிறவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த வருடம் மின்மோட்டாரில் 12 வினாடியில் மடியும் கெட்டிக்கூரை வந்தது. மடிந்த கூரை இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் குழியிலேயே அடங்கிவிடும், டிக்கியில் இடம் குறையாது. சிலர் இதைத் துரோகம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வெளியில் நிறுத்த வேண்டியவர்களுக்கு அந்தக் கூரை இல்லையென்றால் ரோட்ஸ்டரே இல்லை.

என்.சி.யில் தேட வேண்டியது 2009 மாடலிலிருந்து வந்த கார். முன்பக்க ரோல் மையத்தை 26 மில்லிமீட்டர் இறக்கினார்கள். வளைவில் கார் சாயும்போது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதுதான் ரோல் மையம். இதற்கு முன் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு ஒரு சாய்வு சாய்ந்து, அப்புறம்தான் திரும்பும். புதியதில் சாய்வும் திரும்பலும் ஒன்றோடு ஒன்று இழைந்து வருகின்றன. கூடவே ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து உறுதியாக்கிய கிராங்க்ஷாஃப்ட் போட்டு, எஞ்சினின் உச்சச் சுழற்சியை 500 கூட்டினார்கள். 26 மில்லிமீட்டர் என்பது ஒரு தீப்பெட்டியின் அகலத்துக்கும் குறைவு. யாராவது சொல்லாவிட்டால் அப்படி ஒரு மாற்றம் நடந்தது என்றே வெளியிலிருந்து தெரியாது.

நான்காம் தலைமுறை என்.டி. 2015-இல் வந்தது. முந்தையதைவிடச் சுமார் 100 கிலோ குறைத்து, ஜப்பானில் விற்ற அடிப்படை மாடலை 990 கிலோவில் நிறுத்தினார்கள். தலைமுறைக்குத் தலைமுறை கார்கள் பருத்துக்கொண்டே போகும் காலத்தில் இது பெரிய சாதனை. ஆனால் முதல் வருடக் காருக்கே உரிய பிரச்சினைகளும் இதில் இருந்தன. எடை குறைத்துச் செய்த ஆறு கியர் மேனுவல் கியர்பாக்ஸ் சில கார்களில் பழுதானது, உட்பாகங்களைப் பலமுறை மாற்றியமைத்தார்கள். ஸ்டீயரிங்கை மேலும் கீழும் மட்டும்தான் அசைக்க முடியும், முன்னும் பின்னும் நகராது. 2.0 லிட்டர் எஞ்சின் 6800 சுழற்சியில் மூச்சு நிறுத்திக்கொள்ளும். 1.5 லிட்டரோ 7500 வரை பாடிக்கொண்டு போகும். பெரிய எஞ்சினுக்குக் கூடுதல் பணம் கொடுத்தவர் சுவாரசியம் குறைந்த எஞ்சினைப் பெற்றார் என்றுகூடச் சொல்லலாம்.

இது எல்லாவற்றையும் சரிசெய்தது 2019 மாடல், 2018-இலேயே விற்பனைக்கு வந்தது. வருடாந்திர மாற்றம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான் எப்போதும் காட்டும் கார் இது. 2.0 லிட்டர் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் 27 கிராம் குறைந்தது, பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் ஒவ்வொரு கனெக்டிங் ராடும் 41 கிராம் குறைந்தது. பிஸ்டன் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான தடவை மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மறுபடி மேலே போகிறது. நின்று திரும்பும் ஒவ்வொரு தடவையும் அந்த எடை முழுவதும் ராடையும் பேரிங்கையும் இழுக்கிறது. சுழற்சி இரு மடங்கானால் அந்த இழுவை நான்கு மடங்கு. அதனால் உச்சச் சுழற்சியைக் கூட்ட வேண்டுமென்றால் கிராம் கணக்கில் குறைப்பதுதான் வழி. கூடவே காற்று நுழையும் வாயையும் எக்ஸாஸ்ட் வால்வையும் பெரிதாக்கி, எரிபொருள் அழுத்தத்தை 20-லிருந்து 30 மெகாபாஸ்கலுக்கு ஏற்றினார்கள். அமெரிக்கக் கணக்கில் 155 குதிரைத்திறன் 181 ஆனது, உச்சச் சுழற்சி 7500 ஆனது. டார்க் ஏறக்குறைய அதேதான். நகர வேகத்தில் இரண்டு காரையும் மாற்றி மாற்றி ஓட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்றாம் கியரில் 6500-ஐத் தாண்டும்போதுதான் தெரியும். பழையது அந்த இடத்தில் அடுத்த கியரைக் கேட்கும், புதியது இன்னும் கொஞ்சம் போவோமே என்று இழுக்கும்.

ஸ்டீயரிங்கும் 30 மில்லிமீட்டர் முன்பின்னாக நகரத் தொடங்கியது. உயரமானவர்கள் அதுவரை கைக்கு எட்ட வேண்டும் என்று இருக்கையை முன்னால் இழுத்து முழங்காலை மடக்கிக்கொண்டார்கள், அல்லது காலை நீட்டிவிட்டுக் கையை எட்டிப் பிடித்து ஓட்டினார்கள். எனக்கு அந்த 26 குதிரைத்திறனையும் இந்த 30 மில்லிமீட்டரையும் காட்டி ஒன்றைத்தான் தருவோம் என்றால், மறுபேச்சில்லாமல் 30 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்வேன்.

2022 மாடலில் வந்த ஒரு மாற்றம் எடையே கூட்டாதது, ஒரு புதிய பாகம்கூடச் சேர்க்காதது. கைனமேடிக் போஸ்சர் கன்ட்ரோல் என்று பெயர். ரோட்ஸ்டர் வேகமாக வளைவில் போகும்போது உள்பக்கப் பின்சக்கரத்தின் மேல் உள்ள பாரம் குறைந்து, அந்த மூலை மேலே எழும்பப் பார்க்கும். அப்போது ஓட்டுபவருக்குக் கால் ஊன்றாத மாதிரி ஒரு உணர்வு வரும். இந்தக் காரின் பின் சஸ்பென்ஷன் அமைப்பில் ஒரு இயல்பு உண்டு: பின்சக்கரத்தில் பிரேக் பிடித்தால், அந்த விசை உடலைக் கீழே இழுக்கும். இடது வலது பின்சக்கரங்களின் சுழற்சி வேறுபாட்டைப் பார்த்து, வளைவு கடுமையானது என்று தெரிந்ததும், உள்பக்கப் பின்சக்கரத்துக்கு மட்டும் துளியூண்டு பிரேக் கொடுக்கிறார்கள். காரை நிறுத்த அது போதாது, ஆனால் எழும்பும் மூலையைப் பிடித்து அமர்த்தப் போதும். இருந்த பாகங்களையே வைத்துக்கொண்டு, மென்பொருளில் நாலு வரி எழுதி இதைச் செய்தார்கள். 1989-இலிருந்து இந்தக் காரையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குழுவுக்குத்தான் இப்படித் தோன்றும். அதே சமயம் ஜப்பானில் 990எஸ் என்ற மாடலும் வந்தது. ரேஸ் (RAYS) நிறுவனத்தின் எடை குறைந்த சக்கரங்கள், பிரெம்போ நிறுவனத்தின் முன் பிரேக், பெயரிலேயே எடை. வருட மாற்றம் என்றாலே எதையாவது சேர்ப்பது என்று நினைப்பவர்களுக்கு இந்த மாடலைக் காட்ட வேண்டும்.

2024 மாடலின் மாற்றத்துக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. கார்களின் மின்னணு அமைப்பை யாரும் ஊடுருவ முடியாதபடி பாதுகாக்க வேண்டும் என்று ஐ.நா. விதி வந்தது. அதற்காக மின்னணு அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. போர்ஷே 718 பாக்ஸ்டருக்கு அந்தச் செலவைச் செய்யாமல், 2024-இல் ஐரோப்பிய ஒன்றிய விற்பனையிலிருந்து பெரும்பாலான 718 மாடல்களை எடுத்துவிட்டார்கள். மாஸ்டா செலவு செய்தது. எப்படியும் கை வைக்கிறோமே என்று ஸ்டீயரிங் பல்சட்டத்தின் உராய்வைக் குறைத்தார்கள். முடுக்கும்போது ஒரு அளவிலும், காலை எடுக்கும்போது அதைவிட இறுக்கமாகவும் பூட்டும் புதிய எல்எஸ்டியைப் போட்டார்கள். வளைவுக்குள் பிரேக்கை விட்டபடி நுழையும்போது வால் ஆடாமல் பின்தொடர்வது இதனால்தான். விளம்பரத்தில் பெரிதாக வந்தது 8.8 அங்குலத் திரையும் புது விளக்கும்.

மாற்றம் எப்போதும் நல்லதற்கே என்று சொல்ல முடியாது. 2016-இல் பாக்ஸ்டர் 718 ஆனபோது ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு டர்போவோடு நான்கு சிலிண்டர் போட்டார்கள். காகிதத்தில் எல்லா எண்ணும் ஏறியது: அடிப்படை மாடலே 265-லிருந்து 300 குதிரைத்திறன். ஆனால் சத்தம் போய்விட்டது. கூரையில்லாத காரில் எஞ்சின் சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், அதை இழந்தால் பாதிக் காரை இழந்த மாதிரி. 2020-இல் ஜிடிஎஸ் மாடலுக்கு 4.0 லிட்டர் ஆறு சிலிண்டரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

எஸ்2000-இன் கதை நடுவில் நிற்கிறது. 1999-இல் வந்த கார் 9000 சுழற்சி வரை போகும், ஆனால் ஈரச் சாலையில் அஜாக்கிரதையாக இருந்தால் காலை வாரிவிடும். பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது சக்கரத்தின் கோணம் அதிகமாக மாறியதும் அதற்கு ஒரு காரணம். 2004 மாடலில் அந்தக் கோண மாற்றத்தைக் குறைத்து, 17 அங்குலச் சக்கரம் போட்டார்கள். அமெரிக்காவில் எஞ்சின் 2.2 லிட்டராகி, கீழ்ச் சுழற்சியில் இழுவை கூடி, உச்சம் 8000-க்கு இறங்கியது. 2006-இல் வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் வந்தது. எல்லா வகையிலும் நல்ல கார் பிந்தையது. ஆனாலும் அந்த 9000-க்காகவே முதல் கார்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தினமும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் 2004-க்குப் பிந்தையதை எடுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். நாலைந்து வருடம் பழைய கார் தாராளமாகப் போதும், அது எந்த மாற்றத்துக்குப் பிந்தையது என்று பார்த்து எடுத்தால். எம்எக்ஸ்-5 என்.டி. என்றால் 2.0 லிட்டருக்கு 2019 மாடலுக்கு முன்னால் போகாதீர்கள். 1.5 லிட்டருக்கு எஞ்சின் பக்கம் பெரிய வித்தியாசம் இல்லை, 131 குதிரைத்திறன் 132 ஆகி, ஜப்பானில் 2023 இறுதியில் 136 ஆனது, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் உயரமானவர் என்றால் அதிலும் ஸ்டீயரிங் நகரும் காராகப் பாருங்கள். திரைக்காக மட்டும் 2024-க்குப் பணம் கட்ட வேண்டாம், புதிய எல்எஸ்டிக்காகக் கட்டலாம். எந்தத் தலைமுறையாக இருந்தாலும் முதல் வருடத்துக் காரைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். ஒரு தலைமுறை முடியும் தறுவாயில் வந்த கார் பெரும்பாலும் அந்தத் தலைமுறையின் நல்ல கார்.

விற்பவரிடம் மாடல் வருடத்தை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், தயாரித்த மாதத்தையும் சேஸிஸ் எண்ணையும் கேளுங்கள். கியர்பாக்ஸ், கிராங்க் போன்ற அறிவிக்காத மாற்றங்கள் வருடத் தொடக்கத்துக்குக் காத்திருப்பதில்லை, நடுவிலேயே வந்துவிடும். ஓட்டிப் பார்க்கும்போது கூரையைத் திறந்துவிட்டு, சமமில்லாத சாலை ஒன்றில் மெதுவாகப் போங்கள். எஞ்சினைக் கவனிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கண்ணாடியைப் பாருங்கள், பின்னால் வரும் வண்டி அதில் கலங்காமல் நிற்கிறதா என்று.